தெரியாது என்று சொன்ன தேதி

மார்ச் 13, திங்கள்

காலையில் மதுரையிலிருந்து தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். மருந்து வணிகர் கூட்டம் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. ஞாயிறும் தங்கும்படி ஆகிவிட்டது. கூட்டத்தில் கொடுத்த டைரி இது. மார்ச் மாதத்தில் டைரி கொடுக்கிற கம்பெனியின் மாத்திரையை எந்த நம்பிக்கையில் விற்கிறீர்கள் என்று ஜெயக்கொடி கேட்டாள். பதினோரு வருஷமாக என் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். வாய் மட்டும் ஓயாது. ஜனவரி, பிப்ரவரித் தாள்களைக் கிழித்து மாத்திரை மடிக்க வைத்துவிட்டாள்.

ஏழு இருபதுக்கு சுரண்டை போகிற மஞ்சள் பஸ் கடையைத் தாண்டும்போது ஹாரன் இரண்டு முறை அடித்தது. பெருமாள். முழுப் பெயர் ஐயம்பெருமாள். ஐந்து வருஷமாக எனக்கு அவன், அவனுக்கு நான். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை, எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

மாலை வண்டியை விட்டுவிட்டு வந்தான். ஜெயக்கொடி இருக்கும்வரை, “அண்ணாச்சி, கூட்டம்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? நீங்க நேத்தே வந்துருவியன்னு நெனச்சேன்” என்றான். மாடிக்கு வந்த பிறகு, “நயினாரு, நேத்து ஏன் வரல நீ?” என்றான்.

“கூட்டம் நீண்டுட்டுடே.”

“சரி” என்று சட்டையைக் கழற்றி மாட்டினான். அதற்கு மேல் கேட்கவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் குடைந்து கேட்டுக்கொள்வதில்லை. அதனால்தான் ஐந்து வருஷம் ஓடியிருக்கிறது.

மார்ச் 30, வியாழன்

இன்று ஓரத்தில் மூன்று பேர்.

என் கடைக் கண்ணாடிப் பெட்டியின் வலது ஓரத்தில், குளுக்கோஸ் டப்பா அடுக்குக்குப் பக்கத்தில், சில ஆண்கள் வந்து நிற்பார்கள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு தணிந்த குரலில், “அண்ணாச்சி, அந்த இடத்துல ஒரு புண்ணு” என்பார்கள். “ஒண்ணுக்குப் போனா எரியுது” என்பார்கள். ஜெயக்கொடி தானாகவே உள்ளறைக்குப் போய்விடுவாள். நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். பேர் கேட்கமாட்டேன், ஊர் கேட்கமாட்டேன், யாரோடு என்று கேட்கவே மாட்டேன். மாத்திரையை எடுத்து, காகிதத்தில் மடித்து, “சாப்பாட்டுக்குப் பொறவு” என்று மட்டும் சொல்வேன். கடையநல்லூரிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் பஸ் ஏறி என்னிடம் வருகிறார்கள் என்றால் சும்மாவா? அங்கேயெல்லாம் மெடிக்கல் ஷாப் இல்லையா? ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னால் வேட்டியை அவிழ்க்கச் சொல்வார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு நான்தான் ஆஸ்பத்திரி.

அவர்களில் சிலர் எங்களைப் போன்றவர்கள் என்பது பார்த்தாலே தெரியும். அவர்களுக்கும் என்னைத் தெரியும். இரண்டு பக்கமும் காட்டிக்கொள்வதில்லை.

ஏப்ரல் 6, வியாழன்

கீழுதட்டின் ஓரத்தில் ஒரு புண். வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டிருக்கும். “வலிக்கலயா அண்ணாச்சி? பாக்கவே பயங்கரமா இருக்கு” என்றாள் ஜெயக்கொடி. வலிக்கவே இல்லை. களிம்பு தடவினேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

பெருமாள் நுங்கு வாங்கி வந்தான். உதட்டைப் பார்த்துச் சிரித்தான். “வெத்தலைய விடச் சொன்னா கேக்கியா நீ?” வெயில் கொளுத்துகிறது.

ஏப்ரல் 27, வியாழன்

உதட்டுப் புண் தழும்பு கூட இல்லாமல் போய்விட்டது. வெற்றிலையை விட்டுவிட்டேன்.

மே 11, வியாழன்

பெருமாள் இன்று ஒரு கூத்து செய்தான். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, ஓரத்தில் போய் நின்றுகொண்டு காலண்டரைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என்னடே, புளியங்குடியா?” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

மாடியில் காட்டினான். ஒரே ஒரு புண், ஓரம் கெட்டியாக. வலி இல்லை என்றான். எஞ்சின் மேலே உட்கார்ந்து எட்டு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு இந்த வெயிலில் வேறு என்ன வரும்? சூட்டுக் கொப்புளம் உடைந்திருக்கும். வழக்கமான மாத்திரையும் களிம்பும் கொடுத்தேன்.

“வேற ஒண்ணும் இருக்காதுல்லா?” என்றான்.

“வேற என்ன இருக்கப் போவுது? நீயும் நானுந்தான.”

எங்களுக்குள் ஆணுறை போடுவது நின்று நாலு வருஷம் ஆகிறது. கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறேன், அதைத் தூசி தட்டுவதோடு சரி. அதெல்லாம் வெளியாளுக்குத்தானே, நமக்கு எதற்கு என்று ஆரம்பத்தில் சொன்னது நான்தான். அவன் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டான் என்பது இன்னும் நினைவிருக்கிறது. ஒன்பது வருஷம் முன்பு பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போனதிலிருந்து அவனை யாரும் தங்கள் ஆள் என்று சொன்னதில்லை.

மே 23, செவ்வாய்

புண் ஆறிவிட்டது. மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டானாம், அப்படியும் ஆறிவிட்டது. “ஒன் கைராசி நயினாரு” என்றான். கைராசிதான். நாற்பத்தாறு வயதில் ஒரு ஆள் இதைக் கேட்டுக் குளிர்வது கொஞ்சம் அசிங்கம். குளிர்ந்தேன்.

ஜூன் 8, வியாழன்

உள்ளங்கையில் தோல் உரிகிறது. டெட்டால் போட்டு அடிக்கடி கழுவுவதை நிறுத்த வேண்டும். தலைமுடி வேறு கொட்டுகிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதாம். கடையில் கொசுவர்த்தி தீர்ந்துவிட்டது.

ஜூலை 4, செவ்வாய்

சாரல். தெருவெல்லாம் கேரளாக்காரர்களின் கார். காய்ச்சல் மாத்திரை நன்றாகப் போகிறது.

பெருமாளுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்திருக்கிறது. அரிப்பு இல்லை. ஸ்டியரிங்குக்குப் புது ரெக்சின் உறை போட்டிருக்கிறார்கள், அது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

“காலுல எப்படி வரும்? காலால ஸ்டியரிங் புடிக்கேனா?”

“செருப்பும் ரெக்சின்தானடே.”

அலர்ஜி மாத்திரை கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போட்டான்.

ஜூலை 21, வெள்ளி

கைப் புள்ளி மறைந்துவிட்டது. சொன்னேன் அல்லவா.

ஆகஸ்ட் 9, புதன்

பெருமாளுக்கு இடது கண் சிவந்திருக்கிறது. மெட்ராஸ் ஐ ஊரெல்லாம் இருக்கிறது. சொட்டு மருந்து கொடுத்தேன், கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியில் ஆள் ஜோராக இருந்தான். “பஸ்ஸுல பிள்ளைய எல்லாம் பாக்குது” என்றான். “பாக்கட்டும், பாக்கட்டும்” என்றேன்.

ஆகஸ்ட் 19, சனி

சிவப்பு குறையவில்லை. கண்ணுக்குள் கறுப்பாக ஈ பறக்கிற மாதிரி இருக்கிறது என்கிறான். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டான். ஒரு வாரம் பார்ப்போம் என்று ஸ்டீராய்டு சொட்டு மாற்றிக் கொடுத்தேன். நானே தலையைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினேன். ராத்திரிக்குள் சிவப்பு நன்றாகக் குறைந்தது.

ஆகஸ்ட் 24, வியாழன்

நாலு மணிக்கு மஞ்சள் பஸ் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. கடைக்கு எதிரிலேயே நின்றது. கண்டக்டர் இறங்கிவந்து, “அண்ணாச்சி, ஒரு சோடா குடுங்க, டிரைவருக்கு” என்றான்.

ரயில்வே கேட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு பெண் புல்லுக்கட்டோடு ரோட்டைக் கடந்திருக்கிறாள். பெருமாளுக்கு அவள் தெரியவே இல்லை. கண்டக்டர் போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்திருக்கிறான். புல்லுக்கட்டு சக்கரத்தின் அடியில். அவள் எழுந்து நின்று மண்ணை அள்ளித் தூற்றியிருக்கிறாள். அறுபது பேர் பஸ்ஸுக்குள்.

பெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்து சோடாவைக் கையில் பிடித்தபடியே இருந்தான். “பொகையா இருந்துச்சு அண்ணாச்சி. பொகைக்குள்ள அந்தப் பிள்ள நின்னுருக்கு.” பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாரும் இருக்கிறார்கள் என்பதை மறந்து, “நயினாரு, எனக்கு எதுவோ ஆயிட்டு” என்றான்.

ஜெயக்கொடி அதைக் கேட்டாள். உள்ளறைக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 26, சனி

கண் டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை விட்டுவிட்டு அவன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“கையில, கால்ல புள்ளி வந்துச்சா?”

“வந்துச்சும்மா. போயிட்டு.”

“அதுக்கு முன்னாடி புண் ஏதும்? வலியில்லாம?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா” என்றான்.

“மருந்து யார் குடுத்தா?”

“கடையில வாங்கினேன்.” எந்தக் கடை என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார், ரத்தப் பரிசோதனைக்கு. எழுதிக்கொண்டே சொன்னார். “அந்தப் புண் தானா வரும், தானா போயிரும். புள்ளியும் அப்படித்தான். மருந்து குடுத்தவர் தான் ஆத்தினதா நெனச்சிருப்பார். அது உள்ள போயி வேலை செஞ்சிட்டிருக்கும்.”

எத்தனை தடவை படித்திருப்பேன் இதை. பார்மசி டிப்ளமோவில் இரண்டாம் வருஷம். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

சிபிலிஸ். பழைய ஆட்கள் கிரந்தி என்பார்கள். கண்ணுக்கு ஏறியிருக்கிறது. எச்.ஐ.வி. இல்லை, மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்கள். நாளை திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பதினாலு நாள் நரம்பு வழியாகப் பென்சிலின்.

ஆகஸ்ட் 31, வியாழன்

“என்ன உறவு?” என்று சேர்க்கும் இடத்தில் கேட்டார்கள். அண்ணன் என்றேன். அப்பா பெயர் வேறு வேறாக இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து ஏறுகிறது. கை வீங்கியிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரரிடம் சர்க்கரை வியாதி என்று சொல்லியிருக்கிறான். உனக்குச் சோறு ஆகாதுல்லா என்று அவர் இவன் சோற்றை எடுத்துக்கொண்டு தன் பங்குச் சப்பாத்தியைக் கொடுக்கிறாராம்.

செப்டம்பர் 4, திங்கள்

வலது கண் தெளிகிறது. இடது கண் அப்படியே இருக்கிறது.

கடைக்கு வந்து, சிவப்பை மட்டும் மறைத்து நோயை வளரவிட்ட ஸ்டீராய்டு சொட்டு இருந்த தட்டைப் பார்த்தேன். ஜெயக்கொடி அதைக் காலி செய்து வேறு எதையோ அடுக்கியிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 6, புதன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

பார்வையாளர் நேரத்தில் பெருமாள் என்னைக் கட்டிலுக்கு அந்தப்பக்கம், சுவரோரம் வரச் சொன்னான். மருந்துக் குழாய் மாட்டிய கையால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

“நயினாரு, ஒண்ணு சொல்லணும். அடிச்சாலும் அடி. ஒன்ன பாக்கதுக்கு முன்னால, புனலூர் லாரி ஓட்டும்போது, ஒருத்தன். ரெண்டு மூணு தடவ. அவன்கிட்டேந்துதான் வந்துருக்கும். இத்தன வருசமா உள்ளயே கெடந்துருக்கு. ஒனக்கும் குடுத்துருப்பேன் நான். அய்யோ, ஒனக்கும் குடுத்துருப்பேன். நீ மொதல்ல ஒன் ரத்தத்தப் பாரு.”

அழுதான். கண்ணுக்குக் கெடுதல் என்று துடைத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர், “அண்ணன் வந்தா தம்பிக்கு அழுகை வந்திருது” என்று தன் மனைவியிடம் சொன்னார்.

ஐந்தாறு வருஷம் முன்பு வந்தது இந்த மே மாதம் புண்ணாக வராது. அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

சொல்லவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

ரத்தம் கொடுக்கப் போகவில்லை. சரக்கு வந்தது.

செப்டம்பர் 9, சனி

சரக்கு அடுக்கினோம்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பெருமாளின் நச்சரிப்பு தாங்காமல் சுகவாழ்வு மையத்துக்குப் போனேன். பால்வினை நோய்க்கான அறைக்கு அந்தப் பெயர். மகேஸ்வரி என்று ஒரு ஆலோசகர், நடுவயது, குரலில் சலிப்பே இல்லை. காலையில் ரத்தம் எடுத்தார்கள், மதியம் சொன்னார்கள். எனக்கும் இருக்கிறது. எச்.ஐ.வி. இல்லை.

பெருமாள் வார்டிலிருந்து நழுவி வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தான், கையில் குழாய் மாட்டும் ஊசியோடு.

“புண் ஏதாவது வந்துச்சா சார்?”

“கவனிக்கல.”

“ஒரு வருஷத்துக்குள்ள வந்ததுன்னு தெரிஞ்சா ஒரே ஊசி போதும். எப்பன்னு தெரியலன்னா வாரம் ஒண்ணா மூணு ஊசி போடணும். எப்ப, யார் மூலமான்னு யோசிச்சுச் சொல்லுங்க. இங்க யாரும் உங்கள ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அவங்களுக்கும் வைத்தியம் பாக்கணும், அதுக்குத்தான் கேக்கேன்.”

கதவோரம் பார்த்தேன். அவன் தன் நெஞ்சில் கைவைத்து, நான்தான் என்று சொல் என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

“தெரியாது” என்றேன்.

மூன்று ஊசி என்று எழுதினார். முதல் ஊசி போட்டுக்கொண்டேன். இடுப்பில் காய்ச்சிய ஈயம் ஊற்றியது போலிருந்தது. இருக்கட்டும் என்று இருந்தது.

செப்டம்பர் 14, வியாழன்

நேற்று அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கண்ணுக்குக் கண்ணாடி போட்டால் பேப்பர் படிக்கலாம், தூரத்து எழுத்து தெரியாது. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. கனரக வண்டி இனி ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தை மடித்து, லைசென்ஸ் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

இனி என் மாடியிலேயே இருக்கட்டும் என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றான். அண்ணாச்சி கடையில் கணக்குப் பார்க்கிறான் என்று சொல்லட்டும் என்றேன். “எனக்குக் கணக்கும் வராது, கண்ணும் வராது” என்று சிரித்தான்.

செப்டம்பர் 19, செவ்வாய்

இரண்டாவது ஊசி. துணைக்கு வந்தே தீருவேன் என்று வந்தான். என்னாலதான ஒனக்கு இந்த வேதன, நான் வராம யாரு வருவா என்றான்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்தான். அடுப்பைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆனது. துண்டை நனைத்துப் பிழிந்து, ஊசி போட்ட இடத்தில் ஒத்தடம் கொடுத்தான். இடம் சரியாகத் தெரியாமல் கையால் தடவிப் பார்த்து வைத்தான். “இங்கயா? இங்கயா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

குப்புறப் படுத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

செப்டம்பர் 20, புதன்

ஏழு இருபதுக்கு மஞ்சள் பஸ் போயிற்று. புது டிரைவர். பெருமாள் மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தை வைத்தே, “கியர் மாத்தத் தெரியல அவனுக்கு” என்றான்.

செப்டம்பர் 23, சனி

இன்றும் ஒத்தடம். வலி போய் மூன்று நாள் ஆகிறது. அவனிடம் சொல்லவில்லை. நான் எதைத்தான் சொல்லியிருக்கிறேன்?

செப்டம்பர் 26, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாவது ஊசிக்குப் போனோம். மகேஸ்வரி சீட்டை எடுத்து, “இன்னையோட முடிஞ்சுது சார்” என்றார். பெருமாள் பக்கத்து நாற்காலியில். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். அவரிடம் அவன் சொன்னான், “எம்மேல உள்ள தப்புக்கு இவ்வோ மூணு ஊசி வாங்குதாவம்மா. வேற யாராவது இருந்தா என்ன வீட்டவிட்டுத் தொரத்திருப்பாவ.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“எனக்கு மூணு ஊசி வேண்டாம்” என்றேன். “ஒண்ணு போதும். எனக்குத் தேதி தெரியும்.”

மகேஸ்வரி பேனாவை எடுத்தார். பெருமாள் துடைப்பதை நிறுத்தினான்.

“மார்ச் பன்னெண்டு, ஞாயித்துக்கெழம. மதுரையில, லாட்ஜுல. போன்ல பழக்கமான ஆளு. பேரு கேக்கல. உறை போடல, பையிலயே இருந்துச்சு, போடல. ஏப்ரல்ல எனக்கு ஒதட்டுல புண்ணு வந்துச்சு. மே மாசம் இவனுக்கு.”

மகேஸ்வரி எழுதினார். அந்தப் போன் எண் இருக்கிறதா என்று கேட்டார். அன்றைக்கே அழித்துவிட்டேன் என்றேன். அவர் பேனாவை மூடினார். பிறகு, “சொன்னது நல்லது சார்” என்றார். நான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்தோம்.

மரத்தடி வரைக்கும் அவன் முன்னால் நடந்தான். நான் முழங்கையைப் பிடிக்கப் போனபோது கையை இழுத்துக்கொண்டான்.

“மதுரைக்குப் போனது கூட போகட்டும். ஆம்பள, போயிட்ட. கண்ணுல மருந்த ஊத்துனியே, அதுகூட போகட்டும், தெரியாம செஞ்ச. ஆனா நான் அந்தக் கட்டில்ல கெடந்து, நாந்தான் நாந்தான்னு அழுதேம்லா? அப்ப ஒனக்குத் தெரியும். தெரிஞ்சே என் கண்ணத் தொடச்சுவிட்ட.”

“பயமா இருந்துச்சு பெருமாளு. நீ போயிருவன்னு பயமா இருந்துச்சு.”

அவன் திரும்பிக்கொண்டான். விடுவிடுவென்று நடந்து, ஒரு கல்லில் தடுக்கி, நிதானித்து நடந்தான். ஆட்டோவில் என்னோடு ஏறவில்லை. அவன் ஏறிய ஆட்டோவுக்குப் பின்னாலேயே நான் இன்னொன்றில் போனேன்.

புது பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணோரம் நின்றான். நான் பத்தடி தள்ளி நின்றேன். லாரியும் பஸ்ஸுமாக இருபது வருஷம் ஓட்டியவன். பஸ்கள் வந்தன, போயின. ஒவ்வொன்று வரும்போதும் நெற்றியைச் சுருக்கிப் பலகையைப் பார்த்தான். எழுத்துத் தெரியவில்லை. தென்காசி வண்டி ஒன்று போயிற்று. இரண்டாவதும் போயிற்று. சொல்ல வாயெடுத்தேன், தைரியம் வரவில்லை. மூன்றாவது போன பிறகு, பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கேட்டான், “எம்மா, தென்காசி வண்டி வந்தா சொல்லுதியா? கண்ணாடி கொண்டு வரல.” கண்ணாடி அவன் மூக்கின்மேல் இருந்தது. அந்தப் பெண் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

நானும் அதிலேயே பின்வாசலில் ஏறினேன். தென்காசியில் இறங்கியதும் அவனிடம் போனேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

“நான் சுரண்டைக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன்” என்றான். பிறகு, “நீங்க வர வேண்டாம் அண்ணாச்சி” என்றான்.

செப்டம்பர் 27, புதன்

அவன் துண்டு மாடிக் கொடியில் கிடக்கிறது. எடுக்கவில்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

ஓரத்தில் நின்றவர்களை நினைவுபடுத்திப் பார்த்தேன், இந்த வருஷம் மட்டும். குடை வைத்திருந்தவர். காதில் பஞ்சு வைத்திருந்தவர். மாமியாருக்கும் பிரஷர் மாத்திரை வாங்கியவர். கல்யாணப் பத்திரிகை கையில் வைத்திருந்த பையன், அவனுடைய கல்யாணமேதான். இருபத்தேழு பேர் வரை வந்தது. ஒருவர் பெயரும் தெரியாது. போய்ச் சொல்ல ஒரு தெரு கூடத் தெரியாது.

எவ்வளவு பெருமைப்பட்டிருக்கிறேன் இதற்கு.

அக்டோபர் 10, செவ்வாய்

மஞ்சள் பஸ் கண்டக்டரிடம் பெருமாள் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தேன். பார்க்கவில்லை என்றான். ஒரு டப்பாவில் அவனுடைய கண்ணாடித் துணியும் மூன்று மாதப் பரிசோதனைக்கான சீட்டும் வைத்து, சுரண்டையில் அக்கா வீட்டில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். திரும்பி வரவில்லை. வாங்கிக்கொண்டான் என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

மத்தியானம் மழை. குடை வைத்திருந்தவர் வந்தார். ஓரத்தில் நின்றார். ஜெயக்கொடி உள்ளே போனாள்.

“அண்ணாச்சி, போன தடவ குடுத்தியல்லா, அதே மாத்திர.”

கை மாத்திரை அடுக்குக்குப் போய்விட்டது, பழக்கத்தில். இழுத்துக்கொண்டேன்.

“எத்தன நாளா இருக்கு?” என்றேன். “வலி இருக்கா? கையக் காட்டுங்க.”

அவர் முகம் மாறிவிட்டது. “நீங்க கேக்க மாட்டியன்னுதான அண்ணாச்சி இவ்வளவு தூரம் வாரேன்” என்றார். குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

கடையை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடினேன். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நான் ஓடி ஊர் பார்த்ததில்லை. பாத்திரக்கடை முன்னால் பிடித்துவிட்டேன். மூச்சு வாங்கியது. எதையும் கோத்துச் சொல்ல வரவில்லை.

“எனக்கும் வந்துச்சு” என்றேன். “இதே புண்ணுதான். எங்கூட இருந்தவனுக்கு நான் குடுத்தேன். நானே மாத்திரையும் குடுத்தேன், ஒண்ணும் கேக்காம. கண்ணு போயிட்டு அவனுக்கு. நாளைக்குத் திருநெல்வேலிக்கு எங்கூட வாங்க. ஒங்க பேரு வேண்டாம் எனக்கு. ஊரும் வேண்டாம். வந்தா போதும். அங்க ஒரு அம்மா இருக்காவ, மொகம் சுளிக்க மாட்டாவ.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “கூட இருந்தவன்” என்று நான் சொன்னதைத்தான் யோசித்தார் என்று நினைக்கிறேன். குடையைக் கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்தார்.

“எத்தன மணி வண்டி?” என்றார்.

“எட்டு மணி.”

“சரி.” இரண்டடி போய்த் திரும்பினார். “அவரு இப்பம் எப்படி இருக்காரு அண்ணாச்சி?”

“தெரியாது” என்றேன். இந்தத் தடவை அது பொய் இல்லை.